இரண்டு பாவு வலி

குடல்வால் என்று ஒன்று உடம்பில் இருப்பதே தெரியாமல் நாற்பத்தாறு வருடம் நன்றாகத்தான் இருந்தேன். இப்போது அது இல்லை. இல்லாமல் போன பிறகுதான் அதைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் மட்டும் இதுவரை முப்பது பேருக்காவது கதையை முதலிலிருந்து சொல்லியிருப்பேன். பால் வாங்கப் போனால் பாதிக் கதை, ரேஷன் கடை வரிசையில் மீதிக் கதை. ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் அனுப்பிவிடலாம் என்று என் மகள் நித்யா சொன்னாள். வாய்க்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று எழுதுகிறேன். வலது பக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லித் திரிகிற யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போனால் அதுவே போதும்.

நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர்கள். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் என் கணவர் குமரேசன் உட்காருவார், மற்றதில் நான். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, வலது காலால் மிதிக்கட்டையை அழுத்தி அழுத்தித்தான் சேலையில் பூ எழ வேண்டும். நாள் முழுவதும் அழுத்தினால் வலது இடுப்பும் அடிவயிறும் வலிக்காமல் என்ன செய்யும்? எங்கள் தெருவில் அதற்கு மிதி வலி என்று பெயரே உண்டு. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. அதற்காக யாரும் மருத்துவமனைக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. ஒரு நாள் படுத்துக் கிடந்துவிட்டு மறுநாள் தறிக்குப் போய்விடுவோம்.

எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. வலது அடிவயிற்றில் ஒரு இழுப்பு. வரும், போகும். மிதி வலி என்று நானே பெயர் வைத்துவிட்டேன். மருத்துவரும் நானே, நோயாளியும் நானே. கொஞ்ச நாளில் இன்னொன்றும் கவனித்தேன். நெய்த சேலையைச் சுருட்டிக்கொண்டே வரும் படமரம் என்று ஒரு கட்டை வயிற்றுக்கு முன்னால் இருக்கும். எனக்கும் அதற்கும் நடுவில் எப்போதும் நான்கு விரல் இடைவெளி உண்டு. அது இரண்டு விரல் ஆனது. பிறகு கட்டை வயிற்றில் இடிக்கவே ஆரம்பித்தது. "வயசாவுது, தொப்பை வெக்கிது" என்று என் கணவரிடம் சொன்னேன். நான் உட்காருகிற பலகையை அவர் ஒரு சாண் பின்னால் நகர்த்திப் போட்டுக் கொடுத்தார். இரண்டு பேருக்குமே அறிவு அவ்வளவுதான் வேலை செய்தது.

வலி விடவில்லை. பக்கத்துத் தெருவில் குடலேற்றம் எடுக்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். விளக்கெண்ணெயைத் தடவி, வயிற்றை அழுத்தி நீவி விடுவார். குழந்தைகளுக்கு அவர் கை பட்டால் சரியாகிவிடும் என்று நல்ல பெயர். ஒரு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். எண்ணெயைக்கூட வாங்கி வைத்துவிட்டேன். அன்றைக்கு அவர் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்கு ஓரிக்கைக்குப் போய்விட்டார். நான் கோபித்துக்கொண்டேன். சொன்ன நாளில் வராத மனுஷி என்று நாள் முழுவதும் திட்டினேன். அந்த வளைகாப்பு வைத்தவர்கள் யாரோ, அந்தக் குழந்தை நூறு வருடம் நன்றாக இருக்கட்டும். ஏன் என்று பின்னால் புரியும்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தறியில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் வயிற்றுக்குள் கத்தியை விட்டுத் திருகியது போல ஒரு வலி. குழியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. என் கணவர் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினார். மகள் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டில் இருந்தாள். போனில் அவள் போட்ட சத்தத்தில் ஆட்டோ வாசலுக்கு வந்தது. ஊரிலேயே உள்ள ஒரு மருத்துவமனைக்குப் போனோம்.

இங்கேதான் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற இழை. ஒரு பாவு ஏற்றினால் மூன்று சேலை வரும். அதை நெய்து முடிக்க எங்கள் வீட்டில் ஐம்பது நாள் ஆகும். நாங்கள் மாதம், தேதி எல்லாம் அதிகம் பார்ப்பதில்லை. போன பாவில் அவளுக்குக் கல்யாணம், இந்தப் பாவு முடிந்தால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், இப்படித்தான் எங்கள் கணக்கு ஓடும். பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சு என்பதால், இது மற்றவர்களுக்குப் புரியாது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன டாக்டர் இருந்தார். நித்யாவை விட இரண்டு வயது பெரியவராக இருந்தால் அதிகம். நாகர்கோவில் பக்கத்துப் பெண், பேச்சிலேயே தெரிந்தது. சுற்றி ஏழெட்டு நோயாளிகள், எல்லோருக்கும் அவர் ஒருவர்தான். எவ்வளவு நாளாக வலி என்று கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ரெண்டு பாவா இருக்குதும்மா" என்றேன். "ரெண்டா?" என்று அவர் கேட்டார். "ஆமா, ரெண்டு" என்றேன். அவர் கேட்டதும் சரி, நான் சொன்னதும் சரி. தாளில் மட்டும் இரண்டு நாள் என்று ஏறிவிட்டது.

இரண்டு நாள் வலி, லேசான காய்ச்சல், இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அதிகம், வயிற்று ஸ்கேனில் குடல்வால் வீங்கித் தெரிகிறது. வாயு மறைத்ததால் ஸ்கேனில் மற்றது தெளிவாக இல்லை. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எந்த மருத்துவரும் குடல்வால் அழற்சி என்றுதான் சொல்வார். தினமும் நாலு பேருக்கு வருகிற நோய். வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு, கருவியால் பிடித்து இழுத்து, வெட்டி எடுத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம். அன்று சாயங்காலமே அறுவை என்று முடிவானது. சரி, தொல்லை விட்டது என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

அறுவைக்குத் தயார் செய்ய ஜெயமேரி என்ற செவிலியர் வந்தார். நாற்பது வயது இருக்கும். பாட்டைப் போல ஒரே ராகத்தில் கேள்வி கேட்பார். சர்க்கரை உண்டா, பல்செட் உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். கேட்டுக்கொண்டே தாளைப் புரட்டி, வலி இரண்டு நாளாகத்தானா என்றார்.

"யாரு சொன்னது ரெண்டு நாளுன்னு? ரெண்டு பாவுன்னு இல்ல சொன்னேன்."

அவர் பேனா நின்றது. "பாவா? தறிப் பாவா? மூணு சேலப் பாவாம்மா?"

"வேற எந்தப் பாவு இருக்குது?"

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டது எனக்கே தெரிந்தது. "அப்ப மூணு மாசத்துக்கு மேல ஆவுதேம்மா" என்று சொல்லிவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பாதி கழற்றிய வளையலோடு நான் உட்கார்ந்திருந்தேன். இது என்ன பெரிய விஷயம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்று மாதமோ மூன்று நாளோ, எடுக்கப்போகிறது ஒரே குடல்வாலைத்தானே.

கால் மணி நேரத்தில் பெரிய டாக்டரே வந்தார். அறுவை செய்யவேண்டியவர் அவர்தான். நரைத்த தலை, மெதுவான பேச்சு. படமரம் இடித்ததைப் பற்றி, பலகையை நகர்த்திப் போட்டதைப் பற்றியெல்லாம் விவரமாகக் கேட்டார். வயிற்றைத் தொட்டார், ஆனால் அழுத்தவில்லை. பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவினார். சாதாரண அழற்சி என்றால் மூன்று மாதம் காத்திருக்காது, அதற்குள் ஆளைப் படுக்கப் போட்டிருக்கும் என்றார். இன்றைக்கு அறுவை வேண்டாம், காலையில் சி.டி. ஸ்கேன் எடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சி.டி. ஸ்கேன் என்பது பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை. பெரிய வளையத்துக்குள் படுக்கையோடு நுழைத்து எடுக்கிறார்கள். நரம்பில் ஒரு மருந்து ஏற்றும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும். சிறுநீர் போய்விட்டோமோ என்று சந்தேகம் வரும். போயிருக்க மாட்டீர்கள். எனக்கு முன்பே யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஸ்கேன் எடுத்த பையனிடம் அசட்டுத்தனமாக மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டேன்.

படத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் என்னையும் என் கணவரையும் உட்கார வைத்து, ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார். பெருங்குடல் ஆரம்பிக்கும் இடத்தில் சுண்டுவிரல் மாதிரி தொங்குவது குடல்வால். அதன் உள்சுவரில் கொஞ்சம் சளி போன்ற நீர் சுரக்கும், குடலுக்குள் வடிந்துவிடும். எனக்கு உள்ளே சின்னதாக ஒரு வளர்ச்சி உண்டாகி, வடிகிற வழி அடைபட்டு, சளி உள்ளேயே தேங்கியிருக்கிறது. தேங்கித் தேங்கி, குடல்வால் நாட்டு வாழைப்பழம் அளவுக்கு ஒரு பையாக ஊதிவிட்டது. மியூக்கோசீல் என்று பெயர் சொன்னார். குடல்வால் எடுக்கிற ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குக்கூட வருமோ வராதோ என்கிற மாதிரி அபூர்வம் என்றார். அபூர்வமான விஷயம் எதுவும் இதற்கு முன்னால் என் வாழ்க்கையில் நடந்ததில்லை. வந்ததுதான் வந்தது, ஒரு லாட்டரிச் சீட்டாக வந்திருக்கக் கூடாதா?

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். அந்தப் பை கிழியாமல் முழுசாக வெளியே வந்துவிட்டால் கதை ஏறக்குறைய முடிந்தது. கிழிந்தால், உள்ளே இருக்கிற சளி வயிறு முழுக்கச் சிந்தும். அதில் உள்ள அணுக்கள் குடல் மேலும் கல்லீரல் மேலும் ஒட்டிக்கொண்டு, அங்கங்கே மறுபடி சளியைச் சுரக்க ஆரம்பிக்கும். வயிறு ஜவ்வரிசிக் கஞ்சி நிறைந்த மாதிரி ஆகிவிடும். பிறகு சென்னையில் பத்து மணி நேர அறுவை, வயிற்றுக்குள்ளேயே சூடான மருந்தை ஊற்றிக் கழுவுவது என்று வேறு பாதை. அதுவும் பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம்.

"கேன்சரா சார்?" என்று நான்தான் கேட்டேன். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் இப்ப சொல்ல மாட்டேன். முழுசா எடுக்கணும். எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். அதுக்கப்புறம் சொல்றேன்" என்றார்.

சின்னத் துளை போட்டுக் கருவியால் இழுத்தால் கிழிய வாய்ப்பு உண்டு என்பதால் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டும், உதவிக்குச் சென்னையிலிருந்து இன்னொரு மருத்துவர் வருவார், நாலு நாள் ஆகும் என்றார். அதுவரை இருமக் கூடாது, முக்கக் கூடாது, யாரும் வயிற்றை அழுத்தக் கூடாது. அழுத்தக் கூடாது என்று கேட்டதும் எனக்கு விளக்கெண்ணெய் ஞாபகம் வந்து குப்பென்று வியர்த்தது. முதல் நாள் சாயங்காலம் அந்தத் துளை அறுவை நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அதற்கும் பிறகுதான் உறைத்தது. அறைக்கு வந்து படுத்ததும் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. செத்துவிடுவேன் என்று பயந்தேன்.

அன்று மத்தியானம் சின்ன டாக்டர் வந்து என் கட்டிலருகில் நின்றார். கண் சிவந்திருந்தது. தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. புரிகிற மாதிரிச் சொல்லாதது என் தப்பு, உங்கள் ஊரில் தறி இல்லாதது யார் தப்பு என்றேன். பிறகு அவர் பாவு என்றால் என்ன, குறுக்கே ஓடுகிற ஊடை என்றால் என்ன, எத்தனை நாள் என்றெல்லாம் கேட்டு, போனில் குறித்துக்கொண்டார். இந்த ஊரில் இன்னும் எத்தனை பேர் இப்படிச் சொல்வார்களோ என்றார். பிழையைக் கண்டதும் இழையை எடுத்துச் சரிசெய்து மேலே நெய்யத் தெரிந்த பெண். நல்ல டாக்டராக வருவார்.

ஜெயமேரிக்கு மட்டும் பாவு எப்படித் தெரிந்தது? ஊசி போட வந்தபோது கேட்டேன். அவர் ஐயம்பேட்டைக்காரர். அவர் அம்மா எங்கள் பக்கத்து வீடுகளுக்கு வந்து தார் சுற்றியவராம், அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கிற வேலை.

"பாவு முடிஞ்சாத்தான் எங்க வூட்ல கறிக்கொழம்பு. நா நாள எண்ணிக்கினே இருப்பேன். எனக்குத் தெரியாதாம்மா அது எத்தினி நாளுன்னு" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. தார் சுற்ற வந்தவர்களை அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எங்கே உட்கார வைத்தார்கள், எந்தக் குவளையில் தண்ணீர் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி போட்ட இடம் வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாலு நாளில் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் நடந்தது. இந்த நோய் இருப்பவர்களுக்குச் சில சமயம் குடலில் வேறு கட்டியும் இருக்குமாம். எனக்கு இல்லை. பரிசோதனை ஒன்றும் பெரிதில்லை, மயக்கத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்ய இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்களே, அதுதான் தண்டனை. நித்யா ஒரு வாரம் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். ஒவ்வொரு டம்ளருக்கும் எதிரில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி இதுதான் கடைசி, இதுதான் கடைசி என்று எட்டுத் தடவை பொய் சொன்னாள்.

பார்க்க வந்தவர்களைப் பற்றி எழுதாவிட்டால் பாவம். கச்சபேஸ்வரர் கோயில் விபூதி, காமாட்சி குங்குமம், யாரோ ஒருவர் கொண்டுவந்த தேவாலய எண்ணெய், எல்லாம் என் தலையணைக்கு அடியில் சண்டை போடாமல் இருந்தன. வந்தவர்களில் பாதிப் பேருக்கு என் வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஆசை. எங்கே வலிக்கிறது, இங்கேயா என்று விரலை நீட்டிக்கொண்டு வருவார்கள். அதைத் தடுப்பதற்கென்றே என் நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சு சரியில்லை. இப்போது யாராவது கையை நீட்டினால், "தொடாத! கிழிஞ்சா நீயா தெச்சுக் குடுப்ப?" என்று பாய்ந்தார். அந்த நாலு நாளும் என் வயிறு பத்திரமாக இருந்ததற்கு அவர்தான் காரணம். சண்டை எதற்காக வந்தது என்று யோசித்தேன், சரியாக நினைவுக்கு வரவில்லை. செலவைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். அரசுக் காப்பீட்டு அட்டை பெரும்பகுதியைத் தாங்கியது, மீதிக்கு நகை ஒன்று அடகுக் கடைக்குப் போய் வந்தது. அட்டை வைத்திருப்பவர்கள் அதைப் பீரோவுக்கு அடியில் தேடும்படி வைக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

அறுவை அன்று காலையில் நித்யா என் தலையைப் பின்னிவிட்டாள். இரண்டு சடை, பள்ளிக்கூடப் பெண்ணைப் போல, நடுவில் முடிச்சு உறுத்தாமல். என் கணவர் தள்ளுவண்டியோடு கதவு வரை நடந்து வந்தார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "தறிக்கு மேல துணி போத்திட்டு வந்துட்டேன்" என்றார். இருபத்துநாலு வருடம் கூட வாழ்ந்ததில் இந்த மனிதரின் பேச்சு எனக்குப் பழக்கம். இருந்தாலும் அன்றைக்குக் கோபம் வந்தது. சாகப் போகிறேனோ என்று நான் கிடக்க, இவருக்குத் தறியில் தூசி விழக் கூடாது.

மயக்கம் தெளிந்தபோது தொண்டை காய்ந்து, வயிற்றின் நடுவில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. பெரிய டாக்டர் குனிந்து, எடுத்தாச்சும்மா, நல்லபடியாக வந்தது, ஆனால் அடிப்பக்கம் சுத்தமா என்பதையும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்பதையும் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், பன்னிரண்டு நாள் ஆகும் என்றார். அவ்வளவு நல்ல வார்த்தைகளுக்கு நடுவில் எனக்கு அந்த "ஆனால்" மட்டும்தான் காதில் விழுந்தது.

வயிற்று அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தெரியும், முதல் இரண்டு நாள் மொத்த உலகத்துக்கும் ஒரே ஒரு கவலைதான்: காற்று பிரிந்ததா? குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளமாம். அது நடக்கிறவரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. டாக்டர் கேட்பார், செவிலியர் கேட்பார், பெருக்க வருகிற அம்மாவும் கேட்பார். என் கணவர் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு காதருகில் வந்து கேட்பார். மூன்றாம் நாள் காலையில் அது நடந்தது. நாத்தனார் அறைக்கு வெளியே போய் அறிவித்தார். பக்கத்து அறைக்காரர்கள் வந்து வாழ்த்துச் சொன்னார்கள். நித்யா பிறந்தபோதுகூட எனக்கு இவ்வளவு பாராட்டு கிடைத்ததில்லை. அன்று குடித்த இரண்டு ஸ்பூன் இளநீரின் ருசியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகான நாட்கள்தான் எல்லாவற்றையும்விட நீளம். வலி குறைந்துகொண்டே வந்தது, பயம் குறையவில்லை. நித்யாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இந்த மனிதருக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்று மனது கண்ட இடத்துக்கும் போகும். வயிறு கொஞ்சம் உப்பினாலும் சிந்திவிட்டது, சிந்திவிட்டது என்றுதான் நினைப்பேன். என் கணவரோ வேளைக்குச் சாப்பிட்டார், தறியில் உட்கார்ந்தார், படுத்தால் குறட்டை. ஒன்றும் இருக்காது என்பார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றால் தறிக்கு எழுந்து போய்விடுவார். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் வெறுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பன்னிரண்டாம் நாள் இரண்டு பேரும் போனோம். பெரிய டாக்டர் தாளை எடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தமிழில் சொன்னார். உள்ளே இருந்தது மெதுவாக வளரும் வகைக் கட்டி. சுவரைத் தாண்டி வெளியே வரவில்லை. வெட்டிய அடிப்பக்கம் சுத்தம். பை எங்கும் கிழியவில்லை, வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லை. வேறு மருந்து, வேறு அறுவை எதுவும் வேண்டாம். ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு சில வருடம் வருடத்துக்கு ஒன்று. அவ்வளவுதான் என்று தாளை மடித்தார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே என் கணவரைக் காட்டினார்.

"பை முழுசா இருக்குங்கறது இவருக்கு அன்னைக்கே தெரியும்மா. எடுத்ததும் தட்டுல வெச்சு வீட்டு ஆளுங்ககிட்ட காட்டுறது வழக்கம். எல்லாரும் ஒரு பார்வை பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. இவரு வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னாரு. அப்புறம், பின்பக்கம் திருப்பிக் காட்டுங்கன்னாரு. முப்பது வருஷத்துல என்னை அப்படிக் கேட்டவங்க யாரும் இல்ல."

நெய்து முடித்த சேலையை நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். முன்பக்கம் பார்த்தால் போதாது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், புரட்டிப் போட்டு, பின்பக்கத்தில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்ப்போம். ஆனால் இந்த மனிதர் கோழிக்கடைப் பக்கம்கூடப் போக மாட்டார். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறவர்.

வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்த பிறகுதான் கேட்டேன். "ஏங்க, எங்கிட்ட ஏன் சொல்லல?"

சாவியை வண்டியில் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நுழையவில்லை.

"டாக்டரு ரிப்போர்ட்டு வரட்டும்னுட்டாரு. நா பாட்டுக்கு நல்லாக்குதுன்னு சொல்லி, அப்பால வேற மாதிரி வந்துச்சுன்னா நீ தாங்குவியா?" என்றார். பிறகு சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஆனா நா நல்லா பாத்தேன் மல்லிகா. ரெண்டு பக்கமும் பாத்தேன். எங்கியும் ஒரு கீறலு இல்ல" என்றார்.

சொல்லிவிட்டு வண்டி மேலேயே குனிந்து அழ ஆரம்பித்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் அப்பா போனபோதுகூட அழவில்லை. நான் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வண்டி எடுக்க வந்த பெரியவர் ஒருவர், ஏதோ துக்கம் என்று நினைத்து, குரலைத் தாழ்த்தி, "யாருக்கும்மா இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"எனக்குத்தாங்க. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றேன்.